கெண்டை மிதந்தால் நிரப்பவேண்டிய படிவம்

ஒரு காட்டில், மரங்களைக் காட்டிலும் கதவிலக்கங்கள் மிகுந்துபோனமையால் காடு என்னும் பெயரைத் துறந்து, பெருந்தேக்கு மாநகரம் எனத் தன்னைத் தானே அறிவித்துக்கொண்ட ஒரு காட்டில், பதினொரு இலட்சம் விலங்குகள் வாழ்ந்துவந்தன. அவை யாவும் காலையில் எழுந்ததும் குழாயைத் திறந்தன. தண்ணீர் வந்தது. குடித்தன. குடித்த பின்னரும் உயிரோடு இருந்தன. இஃது எவ்வாறு நிகழ்கிறது என்று எந்த விலங்கும் எந்நாளும் கேட்டதில்லை. தண்ணீர் வராத நாளில் மட்டும் எல்லா விலங்குகளும் கேட்டன.

நகருக்கு மேற்கே நாவலேரி என்றோர் ஏரி உண்டு. அதன் நீர் ஒரு கால்வாய் வழியாகக் குடிநீர் வாரியத்தின் வளாகத்தை வந்தடையும். வாரியம் அதை அப்படியே குழாயில் விட்டுவிடுவதில்லை. முதலில் ஓர் இரும்பு வலை, இலை, சுள்ளி, ஒற்றைச் செருப்பு முதலானவற்றைத் தடுத்து நிறுத்தும். பின்னர் படிகாரத்தைக் கொட்டிக் காட்டுப்பன்றிகள் இறங்கிக் கலக்கும். கலக்குவது அவற்றுக்குப் பிறவியிலேயே வாய்த்த கலையாதலால் வாரியம் தனியாகப் பயிற்சி அளிப்பதில்லை. படிகாரம் சேர்ந்தவுடன் சேற்றுத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பஞ்சுபோல் திரண்டு, அடுத்த தொட்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தெளிந்த நீர் மணற்படுகையினூடே கசிந்து இறங்கும். இறுதியாகக் குளோரின் சேர்ப்பார்கள். வளாகத்தில் கொல்லப்படும் கிருமிகளுக்காக மட்டுமன்று, வழியில் குழாய்களுக்குள் ஒளிந்து காத்திருக்கும் கிருமிகளுக்காகவும் அந்தக் குளோரின் பயணம் போகவேண்டும். நகரின் கடைக்கோடித் தெருவில் ஓர் ஓணான் வீடு இருந்தது. அவ்வீட்டுக் குழாயில் நாள்தோறும் ஒரு குப்பி நீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். நீர் மஞ்சளாக மாறினால் குளோரின் அதுவரை சென்று சேர்ந்தது என்று பொருள். மாறாவிட்டால், நடுவழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடையோடு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆயினும் படிகாரம் சேற்றைத்தான் பிடிக்கும். மணல் தூசியைத்தான் பிடிக்கும். குளோரின் கிருமியைத்தான் கொல்லும். எவரேனும் கால்வாயில் நஞ்சைக் கரைத்துவிட்டால், இம்மூன்றும் அதற்கு வணக்கம் கூறி வழிவிட்டு நிற்கும். ஆகவே வாரியம் நான்காவதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தது. அந்த ஏற்பாட்டின் பெயர் தையல்நாயகி.

தையல்நாயகி ஒரு கெண்டை மீன். கால்வாய் வளாகத்துக்குள் நுழையும் இடத்தில் அவளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி அமைத்திருந்தார்கள். ஒரு சிறு கிளைக்குழாய் வழியே கால்வாய் நீர் இடைவிடாது அதனுள் வந்து வெளியேறிக்கொண்டிருந்தது. நகரம் நாளை குடிக்கப்போகும் நீரில் தையல்நாயகி இன்று நீந்துவாள். அவள் பதவிக்கு 'உயிர்நிலைக் காட்டி, தற்காலிகம்' என்று பெயர். வாரிய விதி நாற்பத்து நான்கு அவள் கடமையை இரண்டே வரியில் வரையறுத்தது: "மீன் நீந்துமாயின் நீர் நன்று. மீன் மிதக்குமாயின் நீர் தீது." அஃதாவது, நகரத்துக்கு அவள் ஆற்றக்கூடிய பெருந்தொண்டு ஒன்றுதான், அதையும் ஒரே ஒரு முறைதான் ஆற்ற முடியும். அவளுக்கு முன் ஆற்றிய அறுவரின் படங்கள் தொட்டிக்கு மேலே மாலையுடன் தொங்கின. தையல்நாயகி அப்பதவியில் ஒன்பது ஆண்டுகளாக நிலைத்திருந்தாள்.

அவளைக் கண்காணிக்கும் பொறுப்பு நாரை ஏகாம்பரத்திடம் இருந்தது. அவர் நீர்த்தர ஆய்வாளர், இரண்டாம் நிலை. காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் தொட்டியின் முன் ஒற்றைக் காலில் நின்று, மீனை நோக்கி, பதிவேட்டில் ஒரு குறியிட்டுச் செல்வார். மீனுக்கு நாரையையா காவல் வைப்பது என்று வியப்போர் அவரது நியமனக் கோப்பைப் பார்க்கலாம். "விண்ணப்பித்தோருள் மீனை இத்துணைக் கூர்ந்து நோக்கியவர் வேறெவரும் இலர்" என்று தேர்வுக் குழு அதில் எழுதியிருக்கிறது.

"என்னம்மா, உயிரோட இருக்கியா?" என்று ஏகாம்பரம் தினமும் கேட்பார்.

"இருக்கேன் சார். வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்? இப்பத்தான் இட்லி சாப்பிட்டு வந்தேன்."

"அப்புறம் எதுக்கு சார் எச்சில் முழுங்குறீங்க?"

"பழக்கம்மா. தப்பா எடுத்துக்காதே."

இவ்வாறு இருவரும் ஒன்பது ஆண்டுகள் ஒற்றுமையாகக் காலம் கழித்தனர்.

தை மாதம் பிறந்தது. கல்யாணங்கள் தொடங்கின. அவ்வாண்டு கொம்புடைய விலங்குகளிடையே புதியதொரு நாகரிகம் பரவியிருந்தது. கல்யாணத்துக்குச் செல்வோர் கொம்புக்கு வெள்ளி முலாம் பூசிக்கொள்ளாமல் சென்றால், பந்தியில் இரண்டாம் முறை பாயசம் ஊற்றமாட்டார்கள். இதனைக் கண்ட முள்ளம்பன்றி ரத்தினசபாபதி, கால்வாய்க் கரையில் ஒரு முலாம் பட்டறையைத் திறந்தார். விளம்பரத்துக்காகத் தம் முதுகு முட்கள் அனைத்துக்கும் முலாம் பூசிக்கொண்டு வாயிலில் உலாவினார். மான்கள் வரிசையில் நின்றன. ஆடுகள் வரிசையில் நின்றன. முலாம் பூசிய மிச்சமோ ஒரு குழாய் வழியாகக் கால்வாயில் இறங்கியது.

புதன்கிழமைக் காலை ஏகாம்பரம் வந்தபோது தையல்நாயகி கண்ணாடியோடு ஒட்டி நின்றாள்.

"சார், தண்ணி சரியில்லை. இரும்புக் கரண்டியை நக்குற மாதிரி இருக்கு. செவுள் எரியுது."

ஏகாம்பரம் பதிவேட்டைத் திறந்தார். "இதுல ரெண்டு கட்டந்தாம்மா இருக்கு. நீந்துகிறது. மிதக்கிறது. நீ எதுல வர்றே?"

"நீந்துறேன் சார். ஆனா..."

"ஆனாவுக்குக் கட்டம் இல்லை."

"ஓரத்துல எழுதுங்களேன்."

"ஓரம் தணிக்கைக்காரங்க எழுதுற இடம். அதுல நாம கை வைக்கக் கூடாது."

"அப்ப தண்ணி கெட்டுப்போச்சுன்னு நான் எப்படித்தான் சொல்றது?"

"அதான் விதியிலேயே இருக்கே. செத்துச் சொல்லணும்."

ஏகாம்பரம் கொடியவர் அல்லர். உண்மையாகவே வழி தெரியாமல்தான் அவ்வாறு கூறினார். சற்று நேரம் காலை மாற்றி நின்று யோசித்துவிட்டு, "நாளைக்கு வியாழக்கிழமை. குறைதீர்க்கும் நாள். தலைமைப் பொறியாளரை நேர்ல பார்த்து மனு குடுத்துடு. நானே தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் ஒரு வாளி கொண்டுவந்தார். வாளியில் கால்வாய் நீரை நிரப்பச் சொன்னாள் தையல்நாயகி. சுத்திகரிக்கப்படாத நீரை அலுவலகத்துக்குள் கொண்டுசெல்லலாகாது என்று ஒரு விதி இருப்பதை ஏகாம்பரம் நினைவூட்டினார். எனவே அலுவலகக் குழாயிலிருந்தே வாளியை நிரப்பி, அதில் அவளை விட்டார்.

"ஐயய்யோ! சார்! குளோரின்!"

"நல்ல தண்ணிம்மா அது. ஊரே குடிக்குது."

"ஊருக்குச் செவுள் இருக்கா சார்?"

பதினொரு இலட்சம் உயிர்களைக் காக்கும் அந்த நீர் தையல்நாயகியின் உயிரை உருவத் தொடங்கியது. வரிசையில் அவர்களுக்கு முன்னே நாற்பது விலங்குகள் இருந்தன. "உயிருக்குப் போராடுற மீன், கொஞ்சம் வழி விடுங்க" என்று ஏகாம்பரம் கெஞ்சினார். "இங்க எல்லாருமே அப்படித்தான் வந்திருக்கோம். பின்னாடி போய்யா" என்றது ஒரு நீர்யானை. அதன் வீட்டு மாடிக்கு மூன்று மாதமாகத் தண்ணீர் ஏறவில்லை.

"தையல்நாயகி, தயவு பண்ணி இங்க செத்துடாதே. தொட்டிக்குள்ள செத்தாத்தான் செல்லும்" என்று ஏகாம்பரம் வாளிக்குள் குனிந்து வேண்டினார்.

திறந்து வைத்த நீரிலிருந்து குளோரின் சிறிது சிறிதாகக் காற்றில் கலைந்துபோகும் இயல்புடையது. வரிசை அதைக் காட்டிலும் மெதுவாக நகர்ந்தது. அவர்கள் முறை வந்தபோது வாளியில் குளோரின் அறவே இல்லை. தையல்நாயகி பிழைத்தாள். வாரியத்தின் தாமதத்தால் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது அன்றுதான் முதன்முறை.

தலைமைப் பொறியாளர் எருமை சிங்காரவேலு நாற்காலியில் வீற்றிருந்தார். அவருடைய இடக்கொம்பு வெள்ளியாய்ப் பளபளத்தது. வலக்கொம்பு கறுப்பாக இருந்தது.

"ஐயா," என்றாள் தையல்நாயகி, "மேற்கே கால்வாய்க் கரையில முலாம் பட்டறை ஒண்ணு வந்திருக்கு. கழிவெல்லாம் நம்ம தண்ணியிலதான் இறங்குது. நேத்து என் தொட்டிக்கு ஒரு நத்தை வந்துச்சு. ஓடு முழுக்க வெள்ளி. ரொம்பப் பெருமையா சுத்திச் சுத்தி வந்துச்சு. சாயங்காலம் செத்துப்போச்சு."

சிங்காரவேலு தம் இடக்கொம்பைக் கோப்பு ஒன்றால் மெல்ல மறைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ உயிரோட வந்து தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றே. நீ உயிரோட இருக்கிறதே தண்ணி நல்லா இருக்குங்கிறதுக்கு ஆதாரம். உன் மனுவுக்கு நீயே எதிர்சாட்சியா நிக்கிறே. கவனிச்சியா?"

"மிதந்தப்புறம் நான் எப்படி ஐயா மனு குடுக்கிறது?"

"அதான் சிக்கல்" என்று சிங்காரவேலு வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். இடது கொம்பு முடிஞ்சுது. வலது கொம்பு நாளைக்கு. இப்பப் போயி பட்டறையை மூடுன்னா, நான் ஒத்தைக் கொம்போட எப்படிம்மா மாப்பிள்ளையை வரவேற்கிறது? ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கோ."

"அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"உடனே நடவடிக்கை எடுப்போம். அதுல மட்டும் தாமதமே இருக்காது."

தையல்நாயகி தொட்டிக்குத் திரும்பினாள். கரண்டியின் சுவை இப்போது இரும்பு அகப்பையின் சுவையாகியிருந்தது. ஞாயிறு வரை தாங்கமாட்டோம் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. அவள் மிதந்த பின்னர்தான் நகரத்துக்குத் தெரியும். அதற்குள் நகரமும் குடித்து முடித்திருக்கும். இப்போதே கடைவீதியில் சில விலங்குகளின் நாக்கு இலேசாக மின்னுவதாகப் பேச்சு எழுந்திருந்தது. செத்துச் சொல்லவேண்டிய செய்தியை, சாவதற்குச் சற்று முன்னரே சொல்லிவிடுவது எனத் தையல்நாயகி தீர்மானித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏகாம்பரம் வந்தார். தையல்நாயகி வயிறு மேலாக, வாய் திறந்து, நீர்மட்டத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

பழங்கதைகளைப் படித்தோர், அந்த நாரை இவ்விடத்தில் பேருவகை எய்தியிருக்கும் என்று எண்ணக்கூடும். ஒரு கணம் எய்தியது உண்மையே. அலகு தானாகத் திறந்தது. கழுத்து தானாக நீண்டது. அப்போது அவர் பார்வை மூலையில் இருந்த பச்சை அலமாரியின்மேல் விழுந்தது. அலகு மூடிக்கொண்டது.

அலமாரியில் மிதவைப் படிவம் இருந்தது.

முதல் மீன் இறந்தபோது அப்படிவம் ஒரு பக்கம். இனி இவ்வாறு நிகழலாகாது என்று ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் வாரியம் கூடிச் சில பக்கங்களைச் சேர்த்தது. இப்போது முப்பத்து நான்கு பக்கம். மறைந்த மீனின் தந்தை பெயர், தாய் பெயர், தந்தை மிதந்த நாள், தாய் மிதந்த நாள் ஆகியவற்றை அதில் எழுதவேண்டும். செதில்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைபடத்தில் இலக்கமிடவேண்டும். மீனைக் கடைசியாக உயிரோடு கண்ட மூவரின் சான்று வேண்டும். அம்மூவரை உயிரோடு கண்ட மூவரின் சான்றும் வேண்டும். ஏழு படிகள். கறுப்பு மை. ஓரிடத்தில் அடித்தல் நேர்ந்தால் முதற்பக்கத்திலிருந்து மீண்டும். மீனை முதலில் கண்டவரே நிரப்பவேண்டும். நிரப்பி முடிக்கும்வரை அவருக்கு விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஆறாம் மீனை முதலில் கண்டவர் சடகோபன் என்னும் மூத்த நாரை. ஒன்பது ஆண்டுகளாக அவர் பதிவறையில் இருக்கிறார். தற்போது இருபத்தாறாம் பக்கம்.

"தையல்நாயகி" என்று ஏகாம்பரம் மெல்ல அழைத்தார். "அம்மா. எந்திரிம்மா."

தையல்நாயகி மிதந்துகொண்டே இருந்தாள்.

"விளையாடாதேம்மா. எனக்கு ரெண்டு வருஷத்துல ரிட்டையர்மென்ட்."

தையல்நாயகி ஒரு கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள். "செத்துட்டேன் சார். எழுதிக்கோங்க."

"செத்தவங்க பேசக் கூடாதும்மா!"

"எந்த விதியில இருக்கு? காட்டுங்க பாப்போம்."

ஏகாம்பரத்துக்கு அப்படியொரு விதி நினைவுக்கு வரவில்லை. "உன் செதிலையெல்லாம் நான் எண்ணி முடிக்கவா?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

"எழுநூறுக்கு மேல இருக்கும் சார். வயித்துப் பக்கம் பொடிப்பொடியா இருக்கும். நிதானமா எண்ணுங்க. தப்பு வந்தா மறுபடியும் முதல்லேருந்து."

"உனக்கு என்னதாம்மா வேணும்?"

"முதல்ல ஊருக்குப் போற வால்வை மூடுங்க."

"மீன் மிதந்தாத்தான் மூடலாம். நீ மிதக்கிறதா எழுதினா படிவம் எடுக்கணும்."

"எழுதவே வேணாம். மூடிட்டு, குழாய் பழுதுன்னு ஒரு பலகை மாட்டுங்க. நம்ம வாரியத்துல அந்தப் பலகைக்கு இதுவரைக்கும் யாராவது காரணம் கேட்டிருக்காங்களா?"

ஏகாம்பரம் தம் அலகாலேயே வால்வைத் திருகி மூடினார். பத்தொன்பது ஆண்டுப் பணியில் அவர் ஒரு வால்வைத் தம் அலகால் அசைத்தது அதுவே முதன்முறை. பின்னர் பலகையை மாட்டினார். அரைமணி நேரத்துக்குள் வளாகத்தின் வாயிலில் நானூறு குடங்கள் கூடிவிட்டன. "பலகை மாட்டத் தெரியுது, குழாய் மாட்டத் தெரியலையா?" என்று முன்வரிசையில் நின்ற குரங்கம்மா ஒருத்தி குடத்தைத் தட்டித் தட்டிக் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல நேரமின்றி ஏகாம்பரம் படிவத்தைக் கவ்விக்கொண்டு தலைமைப் பொறியாளரின் இல்லத்துக்குப் பறந்தார்.

"ஐயா, தையல்நாயகி மிதக்கிறா."

"செத்துட்டாளா?"

"இன்னும் முடிவாகலை ஐயா. பேச்சுவார்த்தை நடக்குது."

"அப்ப கல்யாணம் முடியட்டும்யா" என்றார் சிங்காரவேலு. ஏகாம்பரம் படிவத்தின் முப்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்து நீட்டினார். தலைமைப் பொறியாளர் தம் கைப்பட எழுதவேண்டிய பக்கம் அது. 'இம்மரணம் நிகழ யான் எவ்வாறு இடமளித்தேன்' என்னும் பொருளில் அறுநூறு சொற்களில் ஒரு கட்டுரை.

"அறுநூறா?"

"ஒரு தடவை வந்த சொல் மறுபடியும் வரக் கூடாதாம் ஐயா."

சிங்காரவேலு அப்படியே எழுந்தார். நாரையை முதுகில் ஏற்றிக்கொண்டு கால்வாய்க் கரையோரமாக ஓடினார். எருமை ஓடுவதைக் கண்ட மாநகரம் தண்ணீர்க் கவலையைச் சற்று நேரம் மறந்து வேடிக்கை பார்த்தது.

பட்டறையில் எட்டு மான்கள் தலையைத் தொட்டியில் கவிழ்த்து ஊறிக்கொண்டிருந்தன. ரத்தினசபாபதி மகிழ்ச்சியோடு வரவேற்றார்.

"வாங்கய்யா, வாங்க! வலது கொம்பு தானே? கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன். உக்காருங்க."

"கொம்பு கிடக்கட்டும்யா. கழிவை நிறுத்து."

"எட்டு ஜோடி ஊறுதுங்களே. நாளைக்கு மதியம் நிறுத்திடறேன். ஊர்க் காரியம்னா நான் எப்பவும் முன்னாடி நிப்பேன்."

ஏகாம்பரம் இருபத்தொன்றாம் பக்கத்தைப் படித்தார். மாசுக்குக் காரணமானவர் விசாரணை முடியும்வரை நாள்தோறும் காலை பத்து மணிக்கு வாரிய அலுவலகத்துக்கு வந்து, வரிசையில் நின்று, வந்தமைக்கும் நின்றமைக்கும் தனித்தனியே கையொப்பமிடவேண்டும். விசாரணை முடியும் நாள் என்ற இடத்தில் கோடு மட்டும் போட்டிருந்தது.

"யார் யாரெல்லாம் வரிசையில நிப்பாங்க சார்?" என்று ரத்தினசபாபதி கேட்டார்.

"உங்களுக்கு முன்னாடி எப்பவும் ஒரு நீர்யானை நிக்கும்."

ரத்தினசபாபதியின் முட்கள் அத்தனையும் பளபளவென்று எழுந்து நின்றன. உடனே ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். மான்களை எழுப்பி, பாதி முலாமோடு வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் தொட்டிகளில் தேங்கியிருந்த கழிவு குழாய் வழியே இன்னும் கொட்டிக்கொண்டே இருந்தது. குழாய்க்கு மூடி இல்லை. மூடி என்ற ஒன்று தேவைப்படும் என்று ரத்தினசபாபதி எண்ணிப் பார்த்ததே இல்லை.

சிங்காரவேலு அந்தக் குழாயைப் பார்த்தார். முப்பத்து நான்காம் பக்கத்தைப் பார்த்தார். மீண்டும் குழாயைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கால்வாயில் இறங்கி, குழாய் வாயின்மேல் தம் முழு எடையோடு அமர்ந்தார். கழிவு நின்றது.

"குளிருதாங்க ஐயா?" என்றார் ஏகாம்பரம்.

"ஒரு மாதிரி இருக்குய்யா. பட்டறைக்காரரைச் சீக்கிரம் கழிவுக்குக் குழி தோண்டச் சொல்லு."

முள்ளம்பன்றி குழி தோண்டி, அடியில் களிமண் பூசி, கழிவு முழுவதையும் அதற்குள் திருப்பிவிட்டு முடிக்க மாலை நான்கு மணியாயிற்று. அதுவரை பெருந்தேக்கு மாநகரத்தின் குடிநீருக்கும் நஞ்சுக்கும் இடையே இருந்த ஒரே தடுப்பு, தலைமைப் பொறியாளரின் பின்பாகமே. அவர் எழுந்தபோது அது முழுநிலவெனச் சுடர்விட்டது. ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்தில் சம்பந்தி வீட்டார் அவரது முகத்தைக் காட்டிலும் அப்பக்கத்தையே அதிகம் வணங்கினர் என்பதையும், அவருக்கு நான்கு முறை பாயசம் ஊற்றப்பட்டது என்பதையும் இங்கேயே கூறி முடித்துவிடுவோம்.

கெட்ட நீரையெல்லாம் தொட்டிகளிலிருந்து வடித்து, தனியே ஒரு பள்ளத்தில் தேக்கினர். தொட்டிகளை இரு முறை கழுவினர். கால்வாயில் ஏரியின் புதுநீர் வந்தது. தையல்நாயகி மல்லாந்த நிலையிலேயே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"கரண்டி போயிடுச்சு" என்று கூறிப் புரண்டு நீந்தினாள்.

ஏகாம்பரம் 'நீந்துகிறது' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்தார். நாரை தரையில் உட்கார்ந்ததை வளாகத்தில் எவரும் அதற்கு முன் கண்டதில்லை. வால்வு திறக்கப்பட்டது. நானூறு குடங்களும் நிறைந்தன. குரங்கம்மா மட்டும் குழாயைப் பழுது பார்த்த இடத்தைக் காட்டினால்தான் போவேன் என்று மேலும் அரைமணி நேரம் நின்றாள்.

திங்கட்கிழமை வாரியம் கூடியது. தண்ணீர் எதனால் தப்பியது என்று ஆராய்ந்தனர். படிகாரத்தால் அன்று, மணலால் அன்று, குளோரினால் அன்று, விதி நாற்பத்து நான்காலும் அன்று, படிவத்தின் நீளத்தாலேயே தப்பியது என்று கண்டுபிடித்தனர். உடனே அதை அறுபத்தெட்டுப் பக்கமாக உயர்த்தி ஒருமனதாகத் தீர்மானம் இயற்றினர். இயற்றிய பின்னர்தான் அவர்களுக்கு அச்சம் பிறந்தது. முப்பத்து நான்குக்கே எருமை ஓடியது; அறுபத்தெட்டை ஒருவர் நிரப்ப நேர்ந்தால் என்னாவது? ஆதலால் தையல்நாயகி ஒருபோதும் மிதக்காமல் காக்க மேலும் ஓர் ஏற்பாடு செய்தனர்.

செவ்வாய்க்கிழமை காலை, அவள் தொட்டிக்கு நூறடி மேற்கே இன்னொரு தொட்டி வைக்கப்பட்டது. ஒரு நெகிழிப் பைக்குள் நீந்தியபடி மாசிலாமணி என்னும் அயிரை மீன் வந்துசேர்ந்தார். அறுபது வயது கடந்தவர். ஒரு குளத்தில் பாசி மேய்ந்து ஓய்வுபெற்றவர்.

"வணக்கம்மா" என்று அவர் தையல்நாயகியைப் பார்த்துக் கும்பிட்டார். "என்ன வேலைன்னு ஒண்ணும் சொல்லலை. சும்மா நீந்திக்கிட்டு இருந்தா போதும்னாங்க. இந்த வயசுல இப்படி ஒரு வேலை கிடைக்குமா?"

தையல்நாயகி ஏகாம்பரத்தை அழைத்தாள்.

"சார், அவர் எதுக்கு?"

"உனக்காகத்தாம்மா! தண்ணி கெட்டா முதல்ல அவர் மிதப்பார். உடனே உன் குழாயை மூடிடுவோம். உனக்கு ஒரு செதில்கூட உதிராது."

"அவர் மிதந்தா எத்தனை பக்கம்?"

"அவருக்குப் படிவமே கிடையாதும்மா. அதுதான் இதுல அருமை!" என்று ஏகாம்பரம் மகிழ்ந்து கூறி, மாசிலாமணியைத் தலை முதல் வால் வரை மிகுந்த கனிவோடு நோக்கினார்.

தையல்நாயகி அக்கணமே மல்லாந்தாள்.

"என்னம்மா பண்றே! தண்ணி நல்லாத்தானே இருக்கு!"

"தண்ணி நல்லா இருக்கு சார். அவருக்கு ஒரு படிவம் வர்ற வரைக்கும் நான் செத்துட்டேன்."

"சரி, சரி! எத்தனை பக்கம் வேணும்?"

"அறுபத்தெட்டு."

"அயிரைக்கு எண்ணுறதுக்குக் கண்ணுக்குத் தெரியுற செதில்கூட இல்லையேம்மா! அவ்வளவு பக்கத்துக்கு நான் எங்க போவேன்?"

"மீசை இருக்குல்ல. ஒவ்வொரு மீசைக்கும் பத்துப் பக்கம் போடுங்க."

ஏகாம்பரம் அங்கேயே அமர்ந்து எழுதத் தொடங்கினார். பகல் முழுவதும் எழுதினார். மாலை நான்கு மணிக்குச் சிங்காரவேலு நின்றபடியே கையொப்பமிட்டார். உட்காரும் நிலையில் அவர் இன்னும் இல்லை. கட்டுக் கட்டாகத் தாள்கள் தம் பெயரில் அலமாரிக்குள் ஏறுவதைக் கண்ட மாசிலாமணி நெகிழ்ந்துபோனார்.

"என்னம்மா அது, என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்களா?"

"ஆமாங்க" என்று தையல்நாயகி புரண்டு நீந்தியபடி சொன்னாள். "ரொம்ப நாளைக்கு."

நீதி: உயிரைக் காத்துக்கொள்ள விரும்புவோர் மேலதிகாரியின் கருணையையும் நாரையின் விரதத்தையும் ஆராய்ந்து காலத்தை வீணாக்கலாகாது, தாம் செத்தால் பிறர் நிரப்பவேண்டிய படிவம் எத்தனை பக்கம் என்பதைக் கேட்டு, போதாதெனில் உயிரோடு இருக்கும்போதே கூட்டிக்கொள்க.